டிஜே விழுந்ததும் எண்ணத் தொடங்குங்கள்: டபிள்யூஏஜி-7, டபிள்யூஏபி-4 கோளாறு பார்க்கும் வழி

மோட்டாருக்குப் போகும் வோல்டேஜைப் படிப்படியாக மாற்றும் டேப் சேஞ்சர் கொண்ட லோகோக்களில் வேலை பார்க்கும் புது அசிஸ்டெண்ட் லோகோ பைலட்களுக்காக இதை எழுதுகிறேன். நடைமேடையில் நின்று இன்ஜின் பார்த்தே வளர்ந்த ரயில் பிரியர்களும் படிக்கலாம். வண்டி நடுவழியில் நின்றபோது உள்ளே என்ன நடந்தது என்று அவர்களுக்கும் பிடிபடும். மின்விசை லோகோ எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. சித்தரஞ்சனில் செய்த டபிள்யூஏஜி-5, டபிள்யூஏஜி-7, டபிள்யூஏபி-4 வகைகளைத்தான் மனதில் வைத்திருக்கிறேன். த்ரீ ஃபேஸ் லோகோக்களைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் வரும்.

லோகோவில் இருக்கும் டிஎஸ்டி எனும் கோளாறு நீக்கும் வழிகாட்டிப் புத்தகமும் உங்கள் ஷெட் சுற்றறிக்கையும்தான் முதல். ஷெட்டுக்கு ஷெட் வயரிங் மாற்றம் உண்டு. ஒரு லோகோவில் இருக்கும் பைபாஸ் ஸ்விட்ச் இன்னொன்றில் வேறு இடத்தில் இருக்கும். அந்தப் புத்தகத்தைத் திறக்கும் முன் எதைக் கவனித்திருக்க வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம். டிஜே, அதாவது மெயின் சர்க்யூட் பிரேக்கர், விழுந்த மறுநொடியே ரிலே பேனலுக்கு ஓடுகிறவர்கள் அதிகம். ஓடும்போதே பாதித் தடயத்தைத் தொலைத்துவிடுகிறார்கள்.

பழைய லோகோவில் திரை கிடையாது, எழுத்தில் எதுவும் சொல்லாது. நான்கைந்து விளக்கு, ஆர்னோ எனும் துணை கன்வெர்ட்டரின் சத்தம், டிஜே விழ எடுத்துக்கொண்ட நேரம் ஆகியவை மட்டும்தான் நம்மிடம் உள்ள சாட்சி. அவற்றில் நேரம்தான் மிக நேர்மையான சாட்சி.

ஏறுவதற்கு முன்

தலைக்கு மேல் 25 கிலோவோல்ட் ஓடுகிறது. மின்சாரம் துண்டித்து, எர்த் செய்து, எழுத்தில் அனுமதி வாங்காமல் கூரைமேல் ஏறக் கூடாது. கம்பிக்கு 2 மீட்டருக்குள் உடலோ கையில் உள்ள கம்பியோ போகக் கூடாது. எச்டி, அதாவது உயர் மின்னழுத்த, கம்பார்ட்மென்ட் கதவுச் சாவி, மேல் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பேண்டோவை இறக்கி எச்ஓஎம் ஸ்விட்சால் எர்த் செய்தால்தான் கைக்கு வரும். அந்த இன்டர்லாக்கை ஏமாற்றக் குறுக்கு வழி சொல்லித் தருகிற சீனியர் யாராவது வந்தால், அந்த ஒரு பாடத்தை மட்டும் அவரிடம் படிக்க வேண்டாம்.

பேட்டரி ஸ்விட்ச் போட்டாயிற்று, விளக்கே எரியவில்லை

பேட்டரி ஸ்விட்சான எச்பிஏ போட்டு, கேபை இயக்கத்துக்குக் கொண்டுவரும் பிஎல் சாவியைத் திறந்ததும் எல்எஸ்டிஜே, எல்எஸ்சிஎச்பிஏ, எல்எஸ்ஜிஆர், எல்எஸ்பி எனும் நான்கு விளக்குகளும் எரிய வேண்டும். ஒன்றும் எரியாவிட்டால் முதலில் பேட்டரி வோல்டேஜ் காட்டும் யுபிஏ மீட்டரைப் பாருங்கள். முள் பூஜ்யத்திலேயே கிடந்தால் சிசிபிஏ ஃப்யூஸ், பேட்டரி பெட்டியின் இணைப்பு இவற்றைப் பார்க்க வேண்டும். முள் 110 வோல்ட் பக்கத்தில் நிற்கிறது, விளக்குகள் மட்டும் இல்லை என்றால் சிசிபிடி ஃப்யூஸ். மாற்று ஃப்யூஸ் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். போட்டதும் மறுபடி போனால் இன்னொன்றைப் போட்டுப் பார்க்க வேண்டாம். எங்கோ எர்த் ஆகிறது.

முள் 90-க்குக் கீழே என்றால் அந்த லோகோ இரவெல்லாம் விளக்கைப் போட்டபடி நின்றிருக்கிறது என்று அர்த்தம். பேபி கம்ப்ரஸரை ஓட்டி இருக்கிற கொஞ்சத்தையும் உறிஞ்சுவதற்கு முன் டிஎல்சியிடம், அதாவது லோகோ கன்ட்ரோலரிடம், சொல்லிவிடுங்கள்.

பேண்டோ எழவில்லை

பேண்டோவைத் தூக்குவது காற்று. எனவே அதற்கான காற்றுத் தொட்டியின் ஆர்எஸ் கேஜில் காற்று இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இல்லையென்றால் எம்சிபிஏ எனும் பேபி கம்ப்ரஸரை பேட்டரியில் ஓட்டி, காற்றழுத்தத்தை 8 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) வரை ஏற்றிக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் ஓடியும் முள் அசையவில்லையானால் ஓட்டிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. தண்ணீர் வடிக்கும் ட்ரெயின் காக் எதுவும் திறந்திருக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். காற்று கசிகிற சத்தம் இரவில் நன்றாகக் கேட்கும். பகலில் பக்கத்து லைனில் வண்டி போகும்போது கேட்காது.

காற்று இருக்கிறது, பேண்டோ ஸ்விட்சான இசட்பிடி திருப்பியாயிற்று, பேண்டோ மட்டும் படுத்தே கிடக்கிறது என்றால் அந்தப் பேண்டோவின் காக் மூடியிருக்கலாம், எலக்ட்ரோ வால்வு ஒட்டியிருக்கலாம். அடுத்த பேண்டோவைத் தூக்கிப் பாருங்கள். எழுந்தால் அதிலேயே வேலை செய்துவிட்டு, லாக் புக்கில் எழுதினால் போதும். ஆனால் ஓடும்போது தானாக இறங்கிய பேண்டோ வேறு கதை. அப்போது மற்றதைத் தூக்குவதற்கு முன் கீழே இறங்கி, இரண்டு பக்கமும் நடந்து, கூரைமேல் எதுவும் உடைந்து தொங்குகிறதா, மேலே கம்பி சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் தொட வேண்டாம்.

பட்டனை அழுத்துகிறேன், டிஜே மூடவே இல்லை

டிஜே மூடினால் அணைய வேண்டிய எல்எஸ்டிஜே அணையவே இல்லை என்பதுதான் இதன் அடையாளம். மூன்றைப் பாருங்கள்.

எல்எஸ்ஜிஆர் எரிகிறதா? டேப் சேஞ்சர், நாம் ஜிஆர் என்பது, பூஜ்யத்தில் இருந்தால்தான் அது எரியும். பூஜ்யத்தில் இல்லாமல் டிஜே மூடாது. காற்று ஆறரை கிலோவாவது இருக்கிறதா? டிஜே மூடுவதற்கும் காற்றுதான் வேண்டும். ஏதாவது ரிலே டார்கெட் முன்பே விழுந்து கிடக்கிறதா? போன ட்ரிப்பில் விழுந்த சிவப்புக் கொடியை யாரும் பார்க்காமல் விட்டுப்போயிருப்பார்கள்.

மூன்றும் சரியென்றால் அந்தக் கேபை விட்டு, பின் கேபில் பிஎல் திறந்து போட்டுப் பாருங்கள். அங்கே மூடினால் கோளாறு இந்தக் கேபின் ஸ்விட்சில்தான் இருக்கிறது. முன் கேபில் ஆளை நிறுத்தி, பின் கேபிலிருந்து மணிக்கு 40 கிலோமீட்டருக்குள் ஓட்டி லைனைக் காலி செய்யலாம்.

மூடுகிறது, கையை எடுத்ததும் விழுகிறது

நான் அசிஸ்டெண்டாகச் சேர்ந்த புதிதில் என்னைப் பாடாய்ப் படுத்தியது இது. ஒரு சின்ன ஸ்டேஷனின் லூப் லைனில் நின்றிருந்தோம். பைலட் பட்டனை அழுத்தச் சொன்னார். பிஎல்ஆர்டிஜே-யை அழுத்தினேன். மேலே 'டப்' என்ற சத்தம், எல்எஸ்டிஜே அணைந்தது. வேலை முடிந்தது என்று கட்டை விரலை எடுத்தேன். மறுபடி 'டப்'. எல்எஸ்டிஜே எரிந்தது. நான்கு முறை இதே கூத்து. ரிலே பேனலில் ஒரு கொடியும் விழவில்லை. எனக்கு வியர்த்துவிட்டது.

பைலட் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தார். "தம்பி, ஆர்னோ முழிச்சிக்கிற வரைக்கும் கையை எடுக்காதே" என்றார். என் விரலின் மேல் தன் விரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். உறுமல் ஒன்று தாழ்வாகத் தொடங்கி, மேலேறி, ஒரே சீரானது. எல்எஸ்சிஎச்பிஏ அணைந்தது. அப்போதுதான் விரலை விட்டார்.

இதுதான் நடக்கிறது: ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் ஒற்றை ஃபேஸை, ப்ளோயர்களும் கம்ப்ரஸர்களும் ஓடுவதற்கு வேண்டிய மூன்று ஃபேஸாக ஆர்னோ மாற்றுகிறது. ஆர்னோ வேகம் பிடித்து வோல்டேஜ் தரும் வரை, குறை வோல்டேஜ் ரிலேயான க்யூ30 எழாது. க்யூ30 எழாவிட்டால் டிஜே நிற்காது. பட்டனை அழுத்தியிருக்கும்வரை அந்த நிபந்தனைக்கு விலக்கு உண்டு, அவ்வளவுதான். எல்எஸ்சிஎச்பிஏ அணைவது, பேட்டரி சார்ஜர் வேலை செய்யத் தொடங்கிவிட்டது, அதாவது ஆர்னோ எழுந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

எனவே இந்தக் கோளாறில் முதலில் உங்கள் விரலைத்தான் சந்தேகப்பட வேண்டும். விரல் சரியாக இருந்தும் ஆர்னோ உறுமிக்கொண்டே வேகம் பிடிக்கவில்லை என்றால், ஓஎச்இ, அதாவது மேல் கம்பியின், வோல்டேஜ் மிகக் குறைவா என்று மீட்டரில் பாருங்கள். அது சரியென்றால் ஸ்டார்டிங் கான்டாக்டர் சி118 மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். உறுமல் மாறாமல் இருக்கும்போது திரும்பத் திரும்ப முயன்றால் ஸ்டார்டிங் ரெசிஸ்டன்ஸ் சிவந்துபோகும். இரண்டு முறைக்கு மேல் வேண்டாம்.

எல்லாம் சரி, ஐந்தரை விநாடி கழித்து விழுகிறது

எண்ணுவதன் அருமை இங்கேதான் தெரியும். க்யூ118 ரிலேக்கு 5 விநாடி தாமதம், க்யூ44 ரிலேக்கு 0.6 விநாடி தாமதம். க்யூ118 விழுந்தால் அது க்யூ44-ஐ விழவைக்கும். அது டிஜேயை விழவைக்கும். மொத்தம் 5.6 விநாடி. வாய்விட்டு எண்ணினால் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று ஆயிரத்து ஐந்தைச் சொல்லி முடித்து மூச்சு வாங்கும்போது 'டப்' கேட்கும். கொடி எதுவும் விழாது, ஏனென்றால் க்யூ118-க்கு டார்கெட் கிடையாது. ரிலே பேனலை மட்டும் பார்க்கிறவர் "ஒண்ணுமே இல்லை சார்" என்று வந்து நிற்பது இதனால்தான்.

க்யூ118 காவல் காப்பது பெரும்பாலும் காற்றையும் எண்ணெயையும். ட்ராக்ஷன் மோட்டார் ப்ளோயர்கள், ட்ரான்ஸ்ஃபார்மர் எண்ணெயைக் குளிர்விக்கும் ப்ளோயர், ரெக்டிஃபையர் ப்ளோயர், எண்ணெய் பம்ப் ஆகியவை ஓடுகின்றனவா என்று பார்க்கும் சின்னச் சின்ன ரிலேக்கள் அதன் கீழே வரிசையாக நிற்கின்றன. அதில் எது 'ஓடவில்லை' என்று சொன்னாலும் ஐந்து விநாடி பொறுத்துவிட்டு டிஜே விழும்.

எதுவென்று கண்டுபிடிக்க, எப்போது எண்ணத் தொடங்கினீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். டிஜே மூடியதிலிருந்து எண்ணி 5.6-இல் விழுந்தால், டிஜேயோடு சேர்ந்தே ஓடத் தொடங்குகிறவற்றில் ஒன்று. ப்ளோயர் ஸ்விட்சைப் போட்டபின் விழத் தொடங்கினால், மோட்டார் ப்ளோயர் பக்கம் பாருங்கள்.

இப்போது ஒருவர் டிஜேயைப் போட, இன்னொருவர் காரிடாரில் நிற்க வேண்டும். ஓடாத மோட்டாரைக் காதே சொல்லிவிடும். சந்தேகமென்றால் பக்கவாட்டு ஃபில்டரில் ஒரு தாளை வையுங்கள். ப்ளோயர் இழுத்தால் தாள் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும், இழுக்காவிட்டால் கீழே விழும். நான் பழைய காஷன் ஆர்டர் தாளை இதற்கென்றே பாக்கெட்டில் வைத்திருப்பேன்.

தாள் ஒட்டுகிறது, ஆனாலும் டிஜே விழுகிறது என்றால் மோட்டார் நல்லது, அதைக் காவல் காக்கும் ரிலேதான் பொய் சொல்கிறது. அதன் குழாயில் தூசி அடைத்திருக்கும். அந்த ப்ளோயருக்குரிய ஸ்விட்சை, உதாரணத்துக்கு எச்விஎம்டி1-ஐ, 1-லிருந்து 3-க்கு மாற்றினால் ரிலே பைபாஸ் ஆகும். தாள் விழுந்துவிட்டால் 3-க்கு மாற்றக் கூடாது. அந்த மோட்டாரை 0-வில் வைத்துத் தனிமைப்படுத்திவிட்டு, குளிர்ச்சியில்லாத ட்ராக்ஷன் மோட்டார்களையும் எச்எம்சிஎஸ் எனும் மோட்டார் துண்டிப்பு ஸ்விட்ச் மூலம் துண்டித்துவிட வேண்டும். ஓடாத ப்ளோயரின் ரிலேயை பைபாஸ் செய்துவிட்டு முழு லோடு இழுத்த ஒரு லோகோவை நான் பார்த்திருக்கிறேன். எரிந்த வார்னிஷ் வாடை இரண்டு ட்ராக் தள்ளி நின்றபோதே அடித்தது.

நாட்ச் எடுக்கும்போது அரை விநாடியில் விழுகிறது

இது க்யூ44 தனியாகச் செய்கிற வேலை. ஜிஆர் 32 நாட்ச், அதாவது படி, கொண்டது. ஒரு நாட்சிலிருந்து அடுத்ததற்குப் போகும் நடுவில் அது நின்றுவிட்டால் மின்னோட்டம் ரெசிஸ்டன்ஸ் வழியாகவே ஓடிக்கொண்டிருக்கும், ரெசிஸ்டன்ஸ் எரிந்துவிடும். அதனால்தான் 0.6 விநாடிக்கு மேல் நடுவில் தங்க விடாமல் க்யூ44 டிஜேயை வீழ்த்துகிறது.

ஜிஆரைத் திருப்புகிற எஸ்எம்ஜிஆர் காற்றில் ஓடும் சர்வோ மோட்டார். அதன் கேஜில் 2.5-க்கும் 3.5-க்கும் இடையே இருக்க வேண்டும். குறைந்தால் ஜிஆர் சோம்பேறியாகும், நடுவழியில் நிற்கும். கூடினால் தாவும். கேஜ் சரியாக இருந்தால் ஜிஆரின் முள் எங்கே நிற்கிறதென்று பாருங்கள். இரண்டு நாட்சுக்கு நடுவே நின்றால் அதன் காற்று காக்கை மூடி, கைப்பிடியைப் போட்டுக் கையால் பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும். மெதுவாகத் திருப்புங்கள். வழக்கத்துக்கு மாறாக இறுகினாலோ, உள்ளே ஏதோ இடிப்பதுபோல் கையில் தெரிந்தாலோ நிறுத்திவிடுங்கள். பலம் காட்டும் இடம் இது இல்லை.

ஜிஆர் ஒழுங்காக ஏறும்போது பின்னால் கேட்கும் 'டக், டக், டக்' ஓசைக்காகவே இந்த லோகோக்களை விரும்புகிறவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். ஒரு 'டக்'குக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரே அளவாக இல்லையென்றால், டிஜே விழும் முன்பே காது தெரிந்துகொள்ளும்.

உடனே விழுகிறது, சிவப்புக் கொடியும் இருக்கிறது

எண்ணவே நேரமில்லாமல் விழுந்தால் காவல் ரிலேக்களில் ஒன்று நேரடியாக வீழ்த்தியிருக்கிறது. இப்போது பேனலுக்குப் போகலாம். எந்தக் கொடி என்பதைப் பொறுத்து மரியாதை மாறும்.

க்யூஎல்எம் என்றால் பயப்பட வேண்டும். ட்ரான்ஸ்ஃபார்மருக்குள் போகும் மின்னோட்டமே அளவு மீறியிருக்கிறது. ரீசெட் செய்யக் கை போவதற்கு முன் ட்ரான்ஸ்ஃபார்மர், ஜிஆர் பக்கம் எண்ணெய் தெறித்திருக்கிறதா, புகை, கருகல் வாடை இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் கண்ணில் பட்டால் பேண்டோவை இறக்கி, லோகோ ஃபெயில் என்று சொல்லிவிட வேண்டியதுதான். எல்லாம் சுத்தமாக இருந்தால் ஒரே ஒரு முறை ரீசெட். மறுபடி விழுந்தால் மூன்றாம் முயற்சி கிடையாது.

க்யூஆர்எஸ்ஐ-1, 2 ரெக்டிஃபையர்களுக்கு. பெரும்பாலும் வேகமாக நாட்ச் எடுத்ததன் பலன். ரீசெட் செய்து, நிதானமாக எடுங்கள். மறுபடி விழுந்தால் அந்தத் தொகுதியின் மூன்று மோட்டார்களைத் துண்டித்து, மீதி மூன்றில் இழுக்க முடியுமா என்று லோடைப் பார்த்து முடிவெடுங்கள்.

க்யூஓபி-1 விழுந்தால் 1, 2, 3 மோட்டார்கள் பக்கம் எர்த்; க்யூஓபி-2 என்றால் 4, 5, 6. எச்எம்சிஎஸ் கொண்டு ஒவ்வொரு மோட்டாராகத் துண்டித்து ட்ராக்ஷன் எடுத்துப் பாருங்கள். எதைத் துண்டித்ததும் கொடி விழாமல் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. ஐந்து மோட்டாரில் வண்டி போகும், கொஞ்சம் முனகும். எச்க்யூஓபி ஸ்விட்சை ஆஃப் செய்து ரிலேயையே ஒதுக்குவது கடைசி வழி. செய்தால் நிற்கிற இடத்திலெல்லாம் இறங்கிப் புகை வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

க்யூஎல்ஏ துணை சர்க்யூட்டின் அதிக மின்னோட்டம்: ஆர்னோவைத் தொடாமல் முகர்ந்து பாருங்கள், ஒரு முறை ரீசெட், அவ்வளவுதான்.

க்யூஓஏதான் சுவாரசியம். துணை மோட்டார்களில் எங்காவது எர்த் ஆனால் விழும். மழைக்காலத்து விருந்தாளி. ஒரு மழை இரவில் எங்கள் டபிள்யூஏஜி-7 இருபது நிமிடத்துக்கு ஒரு முறை டிஜேயை வீழ்த்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் க்யூஓஏ கொடி. ரீசெட் செய்தால் சாதுவாக ஓடும். ப்ளோயர்களை ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டோம். எல்லாம் ஓடிக்கொண்டேதான் இருந்தன, விழும்போது எதுவும் புதிதாகத் தொடங்கவில்லை என்று நினைத்தோம். மூன்றாவது தடவை விழுந்தபோது என் கண் தற்செயலாக முதன்மைக் காற்றுத் தொட்டியின் எம்ஆர் கேஜில் இருந்தது. முள் 8-ஐத் தொட்ட கணத்தில் விழுந்தது.

8 கிலோவில்தான் கவர்னர் கம்ப்ரஸர்களை ஓடவிடும், 9.5-இல் நிறுத்தும். சமதளத்தில் பிரேக் பிடிக்காமல் ஓடும்போது 9.5-லிருந்து 8-க்கு இறங்க அத்தனை நேரம் பிடித்திருக்கிறது. எச்சிபி ஸ்விட்சால் ஒரு கம்ப்ரஸரை விலக்கினோம்; மறுபடி விழுந்தது. அதைச் சேர்த்து அடுத்ததை விலக்கினோம். விடியும்வரை டிஜே விழவில்லை. ஷெட்டில் அந்தக் கம்ப்ரஸர் மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்தபோது உள்ளே தண்ணீர் நின்றது.

நாட்ச் ஏறுகிறது, வண்டி அசையவில்லை

எல்எஸ்பி விளக்கைப் பாருங்கள். லைன் கான்டாக்டர்கள் மூடினால் அது அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் மோட்டார்களுக்கு மின்சாரமே போகவில்லை. (சறுக்கல் காட்டுகிற இன்னொரு விளக்குக்கும் தமிழில் எழுதினால் எல்எஸ்பி என்றுதான் வரும். பி-க்கும் பி-க்கும் வித்தியாசம் காட்டத் தமிழில் வழியில்லை. அதை இங்கே ஸ்லிப் விளக்கு என்கிறேன்.)

ரிவர்சர் கைப்பிடி எம்பிஜே முழுதாக 'முன்' நிலைக்குப் போயிருக்கிறதா? பாதியில் நிற்பது அடிக்கடி நடப்பதுதான். பிரேக் பைப் 5 கிலோவில் இருக்கிறதா? குறைவாக இருந்தால் லோகோ வேண்டுமென்றே ட்ராக்ஷன் தராது. அடுத்து ரிவர்சர்கள் ஜே1, ஜே2 ஒரே பக்கம் திரும்பியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

எல்எஸ்பி அணைந்து, ஆம்மீட்டரும் ஏறி, அப்போதும் நகரவில்லை என்றால் கோளாறு லோகோவில் இல்லை. கடைசிப் பெட்டியின் ஹேண்ட் பிரேக்கைக் கழற்றாமல் விட்டிருப்பார்கள். நாட்சை இறக்கிவிட்டு ஆளை அனுப்புங்கள். நின்ற நிலையில் ஆம்பியரை ஏற்றிக்கொண்டே போனால் கம்யூட்டேட்டர் எரிந்துபோகும்.

ஓடும்போது தானாக நாட்ச் இறங்குகிறது

கூடவே ஸ்லிப் விளக்கு மினுக்கி மணல் கொட்டினால் சக்கரம் சறுக்குகிறது. லோகோ தன் வேலையைத்தான் செய்கிறது. மழைத் தூறலின் முதல் பத்து நிமிடமும் இலை விழுந்த மலைப்பாதையும் இதற்குப் பேர்போனவை. மணல் பெட்டியில் மணல் காய்ந்திருக்கிறதா என்பதை ஷெட்டிலிருந்து கிளம்பும்போதே பார்த்திருக்க வேண்டும். சறுக்கல் இல்லாத நேரத்திலும் ஸ்லிப் விளக்கு எரிகிறது, ஒரு மோட்டாரின் ஆம்பியர் மட்டும் மற்றதோடு ஒட்டவில்லை என்றால் நிறுத்தி அந்த மோட்டாரின் சக்கரம் உருள்கிறதா, பினியன் பூட்டிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும்.

சறுக்கல் இல்லை, பிரேக் பைப் முள் இறங்குகிறது, ஏர் ஃப்ளோ மீட்டர் மேலே பாய்கிறது என்றால் காற்று எங்கோ வெளியேறுகிறது. சங்கிலி இழுத்திருக்கலாம், ஹோஸ் கழன்றிருக்கலாம், வண்டியே இரண்டாகப் பிரிந்திருக்கலாம். பக்கத்து லைனை மறித்துக் கிடக்கக்கூடும் என்பதால் ஃப்ளாஷர் லைட்டைப் போட்டுவிட்டுத்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

டிஜே விழுந்தது, வோல்ட்மீட்டரும் பூஜ்யம்

முதலில் மனதுக்குள் கேளுங்கள்: கம்பியில் மின்சாரமே இல்லாத நியூட்ரல் செக்‌ஷனா? 500 மீட்டர், 250 மீட்டர் முன்பே பலகை வைத்திருக்கிறார்கள். டிஜேயைத் திறந்து, அதைக் கடந்து, மூட வேண்டிய இடத்தில் மூடினால் வேலை முடிந்தது. மறந்துபோய் மூடிய டிஜேயோடு போனவர்கள் யாரும் அதை வெளியில் சொல்வதில்லை.

நியூட்ரல் செக்‌ஷன் இல்லையென்றால் கம்பியில் சப்ளை போயிருக்கிறது. பக்கத்து லைன் வண்டியும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, கம்பியின் சப்ளையைக் கவனிக்கும் டிபிசியிடம் பேசுங்கள். கிலோமீட்டர் எண்ணோடு மின்கம்ப எண்ணையும் சொன்னால் அவர் தேடுவது பாதியாகக் குறையும். சப்ளை திரும்பி வந்ததும் உங்கள் பேண்டோ எழுந்த உடனே மறுபடி போனால் காரணம் உங்கள் பேண்டோவாகவே இருக்கலாம்; அதை இறக்கிவிட்டுச் சொல்லுங்கள்.

டபிள்யூஏபி-7, டபிள்யூஏஜி-9 என்றால்

த்ரீ ஃபேஸ் லோகோக்களான இவற்றில் நம் காதுக்கு வேலை குறைவு. திரையில் செய்தி வரும். எல்எஸ்எஃப்ஐ விளக்கு சிவப்பாக எரிந்தால் முதல் தரக் கோளாறு. பிபிஎஃப்ஏ பட்டனை அழுத்தி ஏற்றுக்கொண்டு, செய்தியை முழுதாகப் படித்து, எழுதிக்கொண்ட பிறகு ஆறுதலாக அடுத்த வேலைக்குப் போங்கள். லோகோவின் ஒரு போகி, அதாவது மோட்டார்களும் சக்கரங்களும் சேர்ந்த ஒரு தொகுதி, படுத்துவிட்டால் எஸ்பி-1 பேனலில் உள்ள 154 ஸ்விட்சால் அதைத் துண்டித்து மற்றதில் போகலாம். வண்டியை நிறுத்தி, கன்ட்ரோல் எலெக்ட்ரானிக்ஸை ஆஃப் செய்து ஆன் செய்தால் பாதிக் கோளாறு மறைந்துபோகும். அது எனக்கு இன்றுவரை உவப்பாக இல்லை. ஏன் வந்தது, ஏன் போனது என்று தெரியாமலே சிக்னல் கிடைத்துக் கிளம்பிவிடுகிறோம்.

லாக் புக்

"டிஜே ட்ரிப். சரி செய்யப்பட்டது" என்று எழுதாதீர்கள். ஷெட்காரருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவர் டிஜேயைப் போட்டுப் பார்ப்பார், நிற்கும், அனுப்பிவிடுவார். அடுத்த க்ரூ அதே இடத்தில் நிற்பார்கள். இப்படி எழுதுங்கள்: "ப்ளோயர் ஸ்விட்ச் போட்டதும் 5.6 விநாடியில் மூன்று முறை விழுந்தது. கொடி இல்லை. எம்விஎம்டி-2 ஓடுகிறது, தாள் ஒட்டுகிறது. எச்விஎம்டி2 3-இல் உள்ளது." கடைசி வரி முக்கியம். நீங்கள் மாற்றிவைத்த ஸ்விட்சை அடுத்தவர் தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது.